சூளைச் சாவி

காலையில் சூளையை அணைத்ததிலிருந்து மாசிலாமணிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். புயலிலும் வெள்ளத்திலும் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். இப்போது ஏற்காட்டு மலைச்சரிவில், மகள் வயதிருக்கும் யசோதராவின் பட்டறையில் மண்பாண்டம் செய்யப் படிக்கிறார். ஆள் உயரம்கூட இல்லாத ஒரு சூளை அவரை இந்தப் பாடு படுத்தியது.

உள்ளே அவருடைய ஜாடி இருந்தது. அதன் மேல் பளபளப்புக்காகப் பூசியிருந்தது பலாமரத்துச் சாம்பல். மனைவி கோமதி வைத்த மரம். அவள் போன மறுவருஷம் காற்றில் சாய்ந்தது. எரித்துச் சலித்ததில் இரண்டு ஜாடிக்குத்தான் சாம்பல் தேறியது. முதல் ஜாடியைப் பார்க்கும் ஆசையில், சூடு அடங்குமுன்னே கதவைத் திறந்துவிட்டார். குளிர்காற்று பட்டதும் வாயிலிருந்து அடிவரை விரிசல் ஓடியது. இது இரண்டாவது. இனிச் சாம்பல் கிடையாது.

அதே சூளையில் யசோதராவின் தாம்பாளமும் இருந்தது. செம்பு கலந்து வரவழைக்கும் சிவப்பு. வருஷக்கணக்காக அவளை ஏய்த்துக்கொண்டிருக்கும் நிறம்.

சூளைக்குள் 'டிங்' என்றது.

"டீச்சர், உடைஞ்சிருச்சா?"

"ஆறும்போது மேல்பூச்சு சத்தம் போடும் சார்."

"உடைஞ்சா எப்படிச் சத்தம் வரும்?"

"அதுவும் இப்படித்தான் வரும்."

நல்ல ஆறுதல் சொன்னாள் மகராசி!

"லேசாத் தெறந்து பாத்தா என்ன? ஒரு விரற்கடைதான்."

"போன தடவையும் ஒரு விரற்கடைதான்."

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கேட்டார்.

"இந்தப் பயம் எப்ப டீச்சர் போகும்? உங்களுக்கு எப்பப் போச்சு?"

யசோதரா உள்ளே போய் ஒரு பூட்டை எடுத்துவந்து சூளைக் கதவில் போட்டு, இழுத்துப் பார்த்தாள். பிள்ளைக்கு எட்டாமல் பலகாரத்தைப் பூட்டுவது மாதிரி இருந்தது அவருக்கு. முகம் சுண்டிப்போனது.

அவளோ சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நாளைக்குக் காலை வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும். யார் கேட்டாலும் குடுக்கக் கூடாது."

"என்கிட்டயா? நான்தானே போன தடவ..."

"உங்ககிட்டதான்."

"இங்க வேற யாரு வந்து கேக்கப் போறா?"

அவள் மண் பிசையப் போய்விட்டாள்.

அதன் பிறகுதான் வேதனையே தொடங்கியது. ஒவ்வொரு 'டிங்'குக்கும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. ஒருமுறை சாவியைப் பூட்டுக்குள் நுழைத்தேவிட்டார். நம்பிக் கொடுத்தாளே என்ற நினைப்பு வந்து கையைப் பிடித்தது. பயம் குறையவில்லை. அதோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது. முற்றத்தின் கோடியில் இருந்த கல்லில் போய் உட்கார்ந்தார். 'கோமதி, என்னைப் பிடிச்சுக்கோ' என்று வாய்விட்டே சொன்னார்.

வெயில் சாயும் நேரம். சூளைக்குள் 'டங்' என்று பெரிதாக ஒரு சத்தம். அவர் பதறி எழுவதற்குள் யசோதரா ஓடிவந்து எதிரில் நின்றாள்.

"சாவியக் குடுங்க சார்."

அவள் உதடு காய்ந்திருந்தது. நீட்டிய கையில் மண் காயவில்லை. பார்வை சூளையை விட்டு அகலவில்லை.

"எதுவும் ஆபத்தா டீச்சர்?"

"இல்ல. ஒரு விரற்கடை தெறந்து பாத்துட்டுப் பூட்டிடலாம்."

கொடுத்தால் தன் ஜாடியையும் பார்த்துவிடலாம். மாசிலாமணி சட்டைப்பைக்குள் விட்ட கை, சாவியை இறுக்கிப் பிடித்தது.

"யார் கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னீங்களே."

யசோதரா நீட்டிய கை மெல்ல இறங்கியது. மண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சூளைக்குள் மறுபடி 'டிங்' என்றது. இருவரும் நிமிர்ந்தார்கள். இருவரும் எழுந்திருக்கவில்லை.

"பூட்டு எனக்காக வாங்கினதுதான் சார்" என்றாள் அவள். "இத்தன வருஷமா, சாவியக் குடுத்து வைக்கத்தான் ஆள் இல்ல."