பேரியா, செண்பகமா?

மலைச்சரிவில் ஓர் ஓடை. ஓடைக்கு மேலே ஒரு மண்மேடு. அந்த மேட்டுக்குள் வளை தோண்டி இரண்டு முள்ளம்பன்றிகள் குடியிருந்தன. ஆணின் பெயர் முள்ளன். பெண்ணின் பெயர் சிலுப்பி. உலகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் இருவரிடமும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. அது ஒரே அபிப்பிராயமாக இருந்ததில்லை.

வளைக்கு மேலே ஒரு கிழட்டு நாவல் மரம் நின்றது. அதன் வேர்கள்தான் அந்த மேட்டை இறுக்கிப் பிடித்திருந்தன. சித்திரை மாதத்துச் சூறைக்காற்றில் மரம் வேரோடு சாய்ந்தது. மரம் நின்ற இடத்தில் ஒரு பெரிய பள்ளம் மிஞ்சியது.

சிலுப்பிக்கோ ஐப்பசியில் குட்டி பிறக்க இருந்தது. அடைமழை பிடிப்பதும் அதே ஐப்பசியில்தான். அதற்குள் பள்ளத்தில் ஒரு மரத்தை நட்டு மூடியாக வேண்டும். இல்லாவிட்டால் மேடு நிற்காது. இதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

கன்று தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் ஒரு நர்சரி வண்டி வேகமாகத் திரும்பியது. இரண்டு கன்றுகள் கறுப்புப் பையோடு உருண்டு, ஓடைக்கரையில் வந்து நின்றன. ஒன்று பேரி, மற்றது செண்பகம். இரண்டும் திடமான கன்றுகள். பள்ளம் மட்டும் ஒன்று. சுற்றிலும் பாறை. ஒரு மரத்துக்குத்தான் இடம்.

"பேரிய வைப்போம்," என்றாள் சிலுப்பி. "ஒட்டுக்கன்னு. நாலாம் வருசமே காய்ச்சிரும். ஆடி மாசம் வாசல்லயே பழம் விழும். புள்ளய வச்சுக்கிட்டு நான் எங்க போயி இரை தேடுறது?"

"செண்பகத்த வைப்போம்," என்றான் முள்ளன். "பேரி மார்கழியில மொட்டையா நிக்கும். பழம் விழுந்தா உனக்கு மட்டுமா விழுது? காட்டுமாடு கூட்டமா வரும். அது காலு நம்ம கூரை மேலதான் இருக்கும். செண்பகம் வருசம் பூராவும் பச்சையா நிக்கும். பூத்துச்சுன்னா மலையே மணக்கும்."

"மணத்த வச்சு என்ன செய்ய, வயித்துலயா ஊத்திக்கிறது? பூ மணத்தா மனுசன் தொரட்டியத் தூக்கிட்டு வருவான். அவன் பின்னாலயே நாய் வரும். மாடு கூரையத்தான் மிதிக்கும். நாய் வளைக்குள்ளயே வந்துரும்."

இருவர் சொன்னதும் உண்மைதான். அதுதான் வம்பாகப் போயிற்று. ஒருவர் பொய் சொல்லியிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

சரி, நாலு பேரைக் கேட்போம் என்று புறப்பட்டார்கள். முதலில், பாறை மேல் உட்கார்ந்து தனக்குத்தானே பேன் பார்த்துக்கொண்டிருந்த குரங்கைக் கேட்டார்கள்.

"இதுல கேக்க என்ன இருக்கு? பேரிதான்," என்றது குரங்கு. "புள்ள வளர்ற வீட்டுல பழம் வேணும். காவலுக்கு நான் இருக்கேன்."

அந்தக் குரங்கு காவல் காத்த பழத்தை வேறு யாரும் இதுவரை தின்றதில்லை. இருந்தாலும் சிலுப்பிக்கு அது பெரிய அறிவாளியாகத் தெரிந்தது.

அடுத்து கொண்டைக்குருவி. "செண்பகந்தான் அண்ணே," என்றது. "மணம் உண்டு, நிழல் உண்டு, வீட்டுக்கு லட்சணம். சிவப்புச் சிவப்பா விதை வருமேன்னு மதினி கவலைப்பட வேணாம். அதையெல்லாம் நான் ஒண்ணு விடாம சுத்தம் பண்ணிருவேன்."

முள்ளனுக்கு அந்தக் குருவியைப் போல விவரம் தெரிந்தவர் காட்டிலேயே கிடையாது என்று தோன்றியது.

வீட்டுக்குத் திரும்பினால், பள்ளத்துக்குள்ளிருந்து மண்புழு எட்டிப் பார்த்தது. அது கேட்காமலே பேசியது.

"எனக்கு ரெண்டும் வேருதான், தம்பி. எதையாவது ஒண்ண இன்னைக்கே நட்டு மூடுங்க. தெறந்த பள்ளத்துல தண்ணி எறங்குனா மேடு தாங்காது."

"கண்ணே இல்லாததுக்கு மரத்தப் பத்தி என்ன தெரியும்?" என்றான் முள்ளன். சிலுப்பியும் ஆமாம் என்று தலையாட்டினாள். இரண்டாவது முறையாக இருவரும் ஒத்துப்போனது இதில்தான்.

வைகாசி போயிற்று. ஆனியும் பாதி போயிற்று. கன்றுகள் பையிலேயே நின்றன. காலையில் முள்ளன் போய்த் தண்ணீர் விட்டான். மாலையில் சிலுப்பி போய் விட்டாள்.

இங்கே முள்ளம்பன்றிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவற்றின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும். அதிலும் மரப்பட்டை என்றால் உயிர். கோபம் வந்தால் இரண்டு கடி கூட விழும். தண்டைச் சுற்றிவரப் பட்டையைக் கடித்தால் மரம் பட்டுப்போகும் என்பதும் அவற்றுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, பல் கேட்க வேண்டுமே.

ஒருநாள் காலையில் முள்ளன் பேரிக்கன்றின் முன்னால் நின்றான். அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று ஒரு கடி கடித்தான். 'நல்ல மரம்னா ஒரு கடி தாங்கும். தாங்கலன்னா அது நல்ல மரமே இல்ல' என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டான்.

மாலையில் சிலுப்பி வந்தாள். பேரியில் பல் பட்டிருப்பதைப் பார்த்தாள். முள்ளனுக்கு முன்பல் ஒன்று மூலையில் ஒடிந்திருக்கும். அந்தத் தடம் அவளுக்குத் தெரியாதா? அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. 'அவரு சோதிச்சா நானும் சோதிக்கிறேன்' என்று செண்பகத்தின் பக்கம் திரும்பினாள். அவள் கொஞ்சம் ஆழமாகவே சோதித்தாள்.

மறுநாள் காலை முள்ளன் செண்பகத்தைப் பார்த்தான். அவனும் ஒன்றும் கேட்கவில்லை. பேரிப் பக்கம் போனான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டையே இல்லை.

"சாப்பிட்டியா, சிலுப்பி?"

"ஆச்சுங்க. நீங்க?"

"ஆச்சு, ஆச்சு."

பாறை மேலிருந்து குரங்கு இதைப் பார்த்து, குடும்பம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மெச்சியது. உண்மை வேறு. குற்றம் சொல்ல வாயைத் திறந்தால் தன் பல்லிடுக்கில் இருக்கும் பட்டை தெரிந்துவிடும். அதனால் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். கன்றுகளிடம் போனால் மட்டும் திறந்தார்கள்.

ஆடிக்காற்றில் இரண்டு கன்றுகளும் இலையை உதிர்த்தன. ஆவணியில் தளிர் விடவில்லை. புரட்டாசியில் முதல் தூறல் விழுந்ததும், சிலுப்பி மெதுவாகப் பேச்செடுத்தாள்.

"நீங்க சொன்ன செண்பகத்தையே வச்சுருவோங்க. எனக்கு ஒண்ணும் பிடிவாதமில்ல."

"சேச்சே, உன் பேரியவே வைப்போம். வயித்துப்புள்ளக்காரி ஆசப்பட்டது," என்றான் முள்ளன்.

அடடா, என்ன பெருந்தன்மை! தான் கடித்த கன்றையே ஆளுக்கொன்றாக நடச் சொன்னார்கள். நட்டது தழைக்காவிட்டால் பழி மரத்தின் மேல் போகும், பல்லின் மேல் போகாது என்பது கணக்கு. இதிலேயே இன்னும் நாலு நாள் போயிற்று. "உன் பேரி," "இல்லைங்க, உங்க செண்பகம்" என்று உபசாரம் முடியவே இல்லை.

கடைசியில் குரங்குக்குப் பொறுமை போய்விட்டது. ஓடைக்கரைக்கு இறங்கியது. இரண்டு பைகளிலிருந்தும் கன்றுகளைப் பிடுங்கி, ஆட்டிக்கொண்டே வந்து அவர்கள் முன்னால் நீட்டியது.

"ஏம்ப்பா, இதுல பேரி எது, செண்பகம் எது? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

முள்ளன் பார்த்தான். சிலுப்பி பார்த்தாள். இரண்டு காய்ந்த குச்சிகள். இரண்டின் அடியிலும் வளையம் போட்டது போலப் பட்டை இல்லை. எது எவருடையது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. குரங்கு குச்சிகளைப் பள்ளத்துக்குள் எறிந்துவிட்டு, பழமுள்ள வேறு வீட்டைத் தேடிப் போய்விட்டது.

வேறு கன்று தேடி இருவரும் காடெல்லாம் அலைந்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஐப்பசி மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கியது. ஐந்தாம் நாள் மத்தியானம் மண்புழு வளைக்குள் தலையை நீட்டியது. "நான் கெளம்புறேன், தம்பி. நீங்களும் கெளம்புங்க," என்றது.

இந்த முறை யாரும் அதன் கண்ணைப் பற்றிப் பேசவில்லை. இருவரும் வெளியே ஓடி வந்தார்கள். வந்து பாறையில் ஏறுவதற்குள் மேடு முழுவதும் சரிந்து ஓடையில் விழுந்தது. வளையும் போயிற்று. குட்டிக்கென்று சிலுப்பி மூன்று மாதமாகச் சேர்த்து வைத்திருந்த காய்ந்த புல்லும் போயிற்று. அந்தப் புல் தண்ணீரில் மிதந்து போவதைப் பார்த்துத்தான் அவள் அழுதாள்.

குட்டி ஒரு பாறை இடுக்கில் பிறந்தது. குளிர்காற்று உள்ளே வராமல் இருவரும் முதுகைக் காட்டி வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"பேரியக் கடிச்சது நாந்தான்," என்றான் முள்ளன்.

"தெரியும். ஒடஞ்ச பல்லு. செண்பகத்தக் கடிச்சது நான்."

"தெரியும்."

இதையெல்லாம் பேச வேண்டிய காலம் ஆனி மாதத்தோடு போய்விட்டது.

அடுத்த சித்திரையில், சரிந்து கிடந்த மண்ணில் ஒரு முளை தலை காட்டியது. இரண்டே இலை. குரங்கு துப்பிய கொட்டையோ, குருவி போட்ட விதையோ, யார் கண்டது? முள்ளன் குனிந்து பார்த்தான்.

"இலையப் பார்த்தா இது..." என்று தொடங்கினான்.

"எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் சிலுப்பி. "கல்லு எடுங்க. சுத்தி வைப்போம்."

முள்ளன் கல் தேடப் போனான். அதற்குள் குட்டி குடுகுடுவென்று ஓடி வந்தது. முளையை முகர்ந்தது. அதற்கும் பல் வந்திருந்தது. வாயைத் திறந்தது.

"கடிக்காதே!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர்கள் ஒத்துப்போனது அது மூன்றாவது முறை.

எந்த மரம் உசத்தி என்று எத்தனை நாள் வேண்டுமானாலும் வாதாடலாம். வீட்டில் நிற்கப்போவது வீட்டாரின் பல் படாத மரம்தான்.