உப்புப் பூத்த முகம்

வைகுண்டம் உப்பளத்துக் கங்காணி. பாத்தித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் போதும், என்றைக்கு உப்பு வாரலாம் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரை விட்டு ஆட்கள் ஒவ்வொருவராகப் பக்கத்து அளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னும் யாராவது போனால் நீயும் கிளம்பு என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறொன்று.

அவருடைய குரு சுயம்புக்கனி அம்மா கடற்கரை மடத்தில் இருந்தார். வைகுண்டத்தைவிட வயதில் இளையவர். வைகுண்டம் அவரிடம் போய்ச் சொன்னார்.

"அம்மா, செத்துப்போன ஒருத்தி என் அளத்துல வேலை பார்க்கிறா."

"செத்தவங்கன்னு எப்படித் தெரியும்?"

"முகம் இல்லை. நெற்றி இருக்கு. அதுக்குக் கீழே, பாத்தியில உப்புப் பூத்த மாதிரி வெறும் வெள்ளை. மத்தவங்க அவகூடப் பேசுறாங்க. நான் பக்கத்துல போனா எல்லாரும் வாயை மூடிக்கிறாங்க."

மறுநாள் காலையில் குரு அளத்துக்கு வந்தார். வைகுண்டம் தூரத்திலிருந்தே கையைக் காட்டினார். கூடை சுமந்து வந்த அந்த உருவம் நின்றது. வெள்ளையான அந்த இடம் அவர் பக்கமாகத் திரும்பியது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

குரு வரப்பில் நடந்துபோய் அந்த உருவத்தின் கையைப் பிடித்தார். ஏதோ கேட்டார். வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி வந்தார்.

"உயிரோடதான் இருக்காங்க. பேரு சீனித்தாய்."

"சீனித்தாயா? எட்டு வருசமா எங்கிட்ட வேலை பார்க்கிறாளே. நல்லா வாருவா."

"போன மாசம் உங்ககிட்ட லீவு கேட்டாங்களாம்."

வைகுண்டம் யோசித்தார். "கேட்டா. பிள்ளைக்கு முடியலைன்னு சொன்னா. அன்னைக்கு மேகம் கட்டியிருந்துச்சு. வாரி முடிச்சிட்டுப் போன்னு சொன்னேன்."

"பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

அவருக்குத் தெரியவில்லை.

"போய்க் கேட்டுட்டு வாங்க."

வைகுண்டம் வரப்பில் நடந்தார். கிட்டே போகப் போக வெள்ளை பெரிதாகிக்கொண்டே வந்தது. ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை.

"சீனித்தாய், பிள்ளை எப்படி இருக்கான்?"

உப்பின் மேல் காற்று ஓடியது. அவர் அசையாமல் நின்றார். வெள்ளைக்குள்ளிருந்து முதலில் இரண்டு கண்கள் தெரிந்தன. பிறகு வாய்.

"நான் வீடு போய்ச் சேருறதுக்குள்ள போயிட்டான் அண்ணாச்சி."

அவள் தலையிலிருந்த கூடையை இறக்கி வைத்தார்.

"வீட்டுக்குப் போம்மா. கூலி எங்கேயும் போகாது."

"வீட்டுல யாரு இருக்கா?"

அவள் வரப்பில் உட்கார்ந்தாள். அவரும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். மகன் பெயரைக் கேட்டார். அவள் சொல்லத் தொடங்கினாள். வெயில் ஏறியது. அன்று அந்தப் பாத்தியில் யாரும் உப்பு வாரவில்லை.

அவர் திரும்பி வந்தபோது குரு அங்கேயே நின்றிருந்தார்.

"முகம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அம்மா. இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம்கூட இருக்கு."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். கூடைகளோடு ஆட்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். குருவின் பின்னால் ஒதுங்கினார்.

"அம்மா, இப்ப யாருக்குமே முகம் இல்லையே."

குரு அந்த வரிசையைப் பார்த்தார்.

"அடுத்து யார்கிட்ட போறீங்க?"