தலைக்குத் தண்ணி

மடத்துச் சமையல்காரன் செங்கோடன் கொரோனாவில் செத்துப்போனான். கருமாதி முடிந்த மறுநாள், மடத்து நிர்வாகம் பார்க்கும் சீடன் கனகசபை, மடத்துச் சாமியிடம் வந்தான். முகத்தில் துக்கம் இருந்தது. இல்லையென்று சொல்லமுடியாது.

“நான் அப்பவே சொன்னேனுங்க சாமி. ஒருக்கா வந்தவனுக்கும் திரும்ப வரும், ஊசி போடாதவன் அடுப்படிக்கு வரக்கூடாதுன்னு சட்டம் வெச்சேன். அவன் கேக்கல.”

“ஏன் கேக்கலையாம்?”

“‘எனக்குத்தான் வந்துட்டுப் போயிருச்சே, தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு, இனி ஊசி என்னத்துக்கு’ன்னான். அம்மையின்னே நெனச்சுட்டானுங்க.”

“இதுக்குப் போய்த் தலைக்குத் தண்ணி ஊத்தச் சொன்னது யாரு?”

கனகசபை துண்டைச் சரிசெய்தான்.

“நான்தானுங்க. மொதல்ல வந்தப்ப ரொம்பப் பயந்து கெடந்தான். எந்திரிச்சதும் வேப்பிலை, மஞ்சள் போட்டு ஊத்திவிட்டேன். ஒரு தைரியத்துக்கு, ‘ஆத்தா எறங்கிட்டா, இனி உன் பக்கம் வரமாட்டா’ன்னு சொன்னேன்.”

“அது தப்புன்னு எப்பத் தெரிஞ்சுது?”

“பொறவு டாக்டர் சொன்னாருங்க. வந்தவங்களுக்கே மறுக்கா வருது, ஊசி போட்டா உசுருக்கு மோசம் வர்றது கொறையும்னு. அன்னைக்கே சட்டம் வெச்சுட்டேன்.”

“முன்ன சொன்னது தப்புன்னு அவங்கிட்டச் சொன்னியா?”

“அத்தனை பேரு முன்னால எப்படிங்க சொல்றது? ‘சட்டம்னா சட்டம், வெளிய போடா’ன்னேன்.”

செங்கோடன் ரோஷக்காரன். கரண்டியை வைத்துவிட்டுப் போனவன், மறுபடி காய்ச்சல் வந்தபோதுகூடச் சொல்லியனுப்பவில்லை. மடத்திலிருந்தும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. சோறு போடுகிற மடம் என்று ஊரில் பெயர்.

கனகசபை சாமியின் முகத்தைப் பார்த்தான்.

“சட்டம் தப்புங்களா சாமி?”

“சட்டம் சரிதான்.”

“அவன் பிடிவாதம்?”

“தப்புதான்.”

“அப்ப நான் சொன்னதுதானுங்களே ஜெயிச்சுது?”

“ஆமாப்பா, ஜெயிச்சுட்ட. அவன் சம்சாரம் பாவாயி இன்னும் ஊசி போட்டுக்கல. நீ போய் எடுத்துச் சொல்லு.”

“என்னைக் கண்டாலே கதவைச் சாத்திக்கிறாளுங்க. நான் சொன்னாக் கேப்பாளா?”

“கேக்கமாட்டா,” என்றார் சாமி. “ஜெயிச்சவன் பேச்சை யாரு கேக்கறா?”