சாக்பீஸ் பல்

கோடை வந்தால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். மாடியில் இரண்டு அறை மட்டும் திறந்திருக்கும். மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அங்கே அறிவியல் வகுப்பு. வேதியியலுக்கு எஸ்தர் மிஸ். அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்டால் எதையாவது செய்து காட்டுவார். புரிந்தால் சரி. புரியாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

பகவதிக்கு அது மூன்றாவது கோடை. பல் டாக்டர் ஆகவேண்டும். வேறு எதுவும் வேண்டாம். கூடப் படித்த பிள்ளைகள் அவளைப் ‘பல்லக்கா’ என்றார்கள். முதல் நாள் ஒருத்தன் எழுந்து வணக்கமே வைத்தான், டீச்சர் என்று நினைத்து.

கடைசி பெஞ்சில் அவள் கை சும்மா இருக்காது. தன் பல்லை நாக்கால் தடவிப் பார்ப்பாள். ஊக்கால் சாக்பீஸைச் சுரண்டுவாள். மேடும் பள்ளமுமாகக் கடைவாய்ப்பல் ஒன்று வந்துவிடும்.

போன கோடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெமிமா இப்போது பல் மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷம். அங்கே மெழுகில் பல் செதுக்கிக் காட்டவேண்டும். ஜெமிமாவுக்குக் கை வராது. மெழுகுக் கட்டிகளை ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் கொடுத்தனுப்புவாள். பகவதி செதுக்கித் திருப்பி அனுப்புவாள். அந்த வாரம் அனுப்பிய பல்லுக்கு அங்கே வகுப்பிலேயே முதலிடம். ஜெமிமா போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். இவளும் சிரித்துவைத்தாள்.

நாகர்கோவிலில் செயற்கைப் பல் செய்கிற லேப்காரர் ஒருவர் அவள் செதுக்கியதைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். திங்கட்கிழமைக்குள் சொல்லவேண்டும். இல்லையென்றால் வேறு ஆள். அப்பா அவளை ‘டாக்டர்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போனார்கள். பகவதி போகவில்லை.

“என்ன?” என்றார் மிஸ்.

“நான் செஞ்ச பல்லு காலேஜுக்குள்ள போயிருச்சு மிஸ். நான் போகல.”

“அதுக்கு?”

“இன்னொரு தடவை எழுதட்டுமா? இல்ல, லேப்புக்கே போயிரட்டுமா?”

மிஸ் கையை நீட்டினார். அன்றைக்குச் செதுக்கிய பல்லை பகவதி கொடுத்தாள். மிஸ் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஆய்வகத்தைத் திறந்தார். கண்ணாடிக் குவளையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினார்.

“இதைப் போட்டா என்ன ஆகும்?”

இதுகூடவா தெரியாது. போன வாரம் மாதிரித் தேர்வில் வந்த கேள்விதான்.

“சாக் கால்சியம் கார்பனேட் மிஸ். கார்பன் டை ஆக்சைடு வரும். பொங்கும்.”

மிஸ் பல்லை உள்ளே போட்டார்.

நாலைந்து குமிழி வந்தது. பகவதி குனிந்தாள். உள்ளே இருந்த காற்றுதான். அதுவும் நின்றுபோயிற்று. பல் அடியில் அப்படியே கிடந்தது.

ஆசிட் பழசோ என்று அவள் இழுத்தாள். மிஸ் ஒரு பளிங்குச் சில்லை எடுத்து அதே குவளையில் போட்டார். சுர்ரென்று பொங்கியது. பக்கத்தில் பல் அசையாமல் கிடந்தது.

“அப்போ இது என்ன மிஸ்?”

“ஜிப்சம். கால்சியம் சல்பேட். கடையில விக்கிற சாக்பீஸெல்லாம் பெரும்பாலும் அதுதான். பல் லேப்ல அச்சு வார்க்கிற மாவும் அந்த வகைதான்.”

மூன்று கோடையாக அதை விரல் நுனியில் வைத்துச் சுரண்டியிருக்கிறாள். நகக்கண்ணெல்லாம் அந்தத் தூள்தான். என்ன பொருள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

“அப்போ பரீட்சையில இது வந்தா, பொங்காதுன்னு போடணுமா?”

“விடைத்தாள்ல பொங்கும்ங்கிற வட்டத்தைக் கருப்பாக்கு. அதுக்குத்தான் மார்க்.”

பகவதி குவளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சில்லு கரைந்து சின்னதாகிக்கொண்டிருந்தது.

“கண்ணால பாத்துட்டேனே மிஸ். இந்தக் கையால செஞ்சது மிஸ்.”

மிஸ் இடுக்கியால் பல்லை எடுத்தார். குழாயில் கழுவினார். மேடுகளின் கூர் கொஞ்சம் மழுங்கியிருந்தது. ஈரத்தோடு அவள் உள்ளங்கையில் வைத்தார். விளக்கை அணைத்துவிட்டுப் பூட்டைத் தேடினார்.

“பரீட்சைக்குக் கண்ணைக் கூப்பிடல, பகவதி. கையையும் கூப்பிடல.”