ஒரே முள்ளம்பன்றி, இரண்டு பலகை

மூங்கில் காட்டுக் குளத்தில் நீர்நாய்க் கூட்டம் ஒன்று வசித்து வந்தது. அந்தக் குளத்தின் மேல் முதலைகளுக்கு ஒரு கண். "குளம் எங்களுக்கே சொந்தம்!" என்று சிங்கராஜாவின் சபையில் வழக்குப் போட்டுவிட்டன. தீர்ப்பு நீர்நாய்களுக்கு எதிராக வந்தால் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு ஊரை விட்டே போக வேண்டியதுதான்.

சபையில் யார் வேண்டுமானாலும் பேசிவிட முடியாது. சிங்கராஜாவின் சட்டப் பள்ளியில் படித்தவர்கள்தான் வாதாடலாம். அதில் சேரக் கடினமான ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. நீர்நாய்களில் ஒருவர்கூட அதில் தேறியதில்லை.

"நான் எழுதுகிறேன்" என்றது அல்லி என்ற இளம் நீர்நாய்.

"நானும் எழுதறேன்! ரெண்டு பேரும் நரியார்கிட்டப் பயிற்சிக்குச் சேர்ந்துடுவோம். காடே அங்கதான் போகுது!" என்றது அதன் அண்ணன் மருதன்.

நரியாரின் பயிற்சி வகுப்பு வாசலில் ஆள் உயரப் பலகை. அதில் மாலையும் கழுத்துமாக ஒரு முள்ளம்பன்றியின் படம். 'சென்ற ஆண்டு முதலிடம்! எங்கள் மாணவர்!' என்று எழுதியிருந்தது.

"இன்னிக்கே சேர்ந்தா கட்டணத்துல பாதி தள்ளுபடி! நாளைக்கு வந்தா இடம் இருக்காது!" என்றது நரி.

மருதன் உடனே சேர்ந்துவிட்டது. அல்லி மட்டும், "கொஞ்சம் பொறுங்க, வந்துடறேன்" என்று நழுவி, அடுத்த தெருவிலிருந்த மயிலாரின் வகுப்புக்குப் போனது. அங்கேயும் ஒரு பலகை. அதிலும் அதே முள்ளம்பன்றி! தலையில் மட்டும் ஒரு மயிலிறகு கூடுதலாக இருந்தது.

அல்லிக்கு மனம் உறுத்தியது. நேரே அந்த முள்ளம்பன்றியைத் தேடிப் போய்க் கேட்டது.

கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த முள்ளம்பன்றி வெட்கத்தோடு சிரித்தது. "நான் ரெண்டு இடத்துலயும் படிக்கலைம்மா! முடிவு வந்த மறுநாள் நரி மாலையோட வந்துது. சாயங்காலம் மயில் இறகோட வந்துது. ஆசையா வர்றவங்களை எப்படி வேண்டாம்னு சொல்றது?"

அல்லிக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தால் வழக்கு ஜெயிக்குமா? யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. பழைய வினாத்தாளில் தான் தப்புச் செய்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, யார் அதை ஒழுங்காக விளக்குகிறார்கள் என்று பார்க்கக் கிளம்பியது.

'மழை பெய்தால் குளம் நிறையும். குளம் நிறைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்தது. சரியா, தவறா?'

அல்லி 'சரி' என்று எழுதியிருந்தது.

நரி கேள்வியை முழுதாகப் படிக்கக்கூட இல்லை. "விடை தவறு! மழைன்னு வந்தாலே தவறுன்னு போடு. மனப்பாடம் பண்ணிக்கோ!" என்றது.

"கையெழுத்து இன்னும் அழகா இருக்கலாம்" என்றது மயில்.

கடைசியாக, மேட்டு நிலத்தில் பலகையே இல்லாமல் வகுப்பு நடத்திய ஆள்காட்டிக் குருவியிடம் போனது அல்லி. குருவிக்கு மூக்கின் நுனியில் கோபம்.

"ஏன் சரின்னு போட்டே?" என்று கத்தியது.

"மழை பெஞ்சா எங்க குளம் நிறையுமே!"

"மழையே இல்லாம உங்க குளம் நிறைஞ்சது கிடையாதா? நல்லா யோசி!"

அல்லி யோசித்தது. "போன கோடையில யானைங்க ஓடைக்கரையை உடைச்சப்போ நிறைஞ்சுது... ஐயோ! அப்போ மழைதான் பெஞ்சுதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது!"

"இப்போ தெரியுதா?" என்றது குருவி.

அல்லி அங்கேயே சேர்ந்தது. அன்றாடம் திட்டு வாங்கியது, அன்றாடம் தெளிந்தது.

தேர்வு நாளும் வந்தது. 'மழை பெய்தால் குளம் நிறையும். மழை பெய்தது. ஆகவே குளம் நிறைந்தது' என்று கேள்வியை மாற்றிப் போட்டிருந்தார்கள். அல்லி நிதானமாகப் படித்து 'சரி' என்று எழுதியது. மழையைப் பார்த்ததும் மருதன் மகிழ்ச்சியோடு 'தவறு' என்று எழுதியது. அல்லி தேறியது. பாவம், மருதன் தேறவில்லை.

அல்லி சட்டப் பள்ளியில் படித்து முடித்தபோது வழக்கு விசாரணைக்கு வந்தது.

கிழட்டு முதலை எழுந்து தொண்டையைக் கனைத்தது. "மகாராஜா! முதலை வாழும் குளமெல்லாம் ஆழமாக இருக்கும். இந்தக் குளம் ஆழமாக இருக்கிறது. ஆகவே இது முதலைகளின் குளம்!"

சபை தலையாட்டியது. சிங்கமும் தலையாட்டப் போனது. நீர்நாய்கள் குட்டிகளை இழுத்து அணைத்துக்கொண்டன.

அல்லி எழுந்து வணங்கியது. "மகாராஜா, தங்கள் குகைக்குப் பின்னால் இருக்கும் சுனையும் ஆழம்தான். அதுவும் முதலைகளுக்குச் சொந்தமா?"

சிங்கத்தின் பிடரி சிலிர்த்தது. "என் சுனையா? யாருக்கு அந்தத் துணிச்சல்!" என்று கர்ஜித்தது. முதலை வாலைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கியது. குளம் நீர்நாய்களுக்கே என்று தீர்ப்பானது.

மருதன் ஓடி வந்து தங்கையைக் கட்டிக்கொண்டது. "அடுத்த வருஷம் நானும் அந்தத் திட்டுற குருவிகிட்டயே சேர்றேன்!" என்றது.

வாசலில் தொங்கும் படத்தை நம்பாமல், நாம் செய்த தவறு ஏன் தவறு என்று புரியவைக்கும் இடத்தைத் தேடிப் படிப்பவரே வெற்றி பெறுவார்.