செவ்வந்தியின் வலது கால்

"அந்தப் பொண்ணுகிட்ட நான் எப்படி மன்னிப்புக் கேக்குறது மேடம்?" என்றார் சற்குணம்.

டாக்டர் மெகருன்னிசா எக்ஸ்ரே படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சற்குணமும் டாக்டர்தான். இருபது வருஷமாகப் பெரியவர்களின் எலும்பைப் பார்த்தவர். குழந்தைகளின் எலும்பு என்றால் அதே சாமான் கொஞ்சம் சின்ன அளவில், அவ்வளவுதானே என்று மெத்தனமாக இருந்தவர். அந்த மெத்தனம் போகத்தான், தன்னைவிடப் பத்து வயது இளையவரான மெகருன்னிசாவிடம் ஆறு மாதம் படிக்க வந்திருந்தார்.

வந்த இடத்துக்கே செவ்வந்தியும் வந்து சேர்ந்தாள்.

பன்னிரண்டு வயது. பூசினாற்போன்ற உடம்பு. இடது முட்டி வலிக்கிறது என்று ஊரில் சற்குணத்தின் கிளினிக்குக்கு மூன்று முறை வந்தவள். மூன்று முறையும் முட்டியைத்தான் எக்ஸ்ரே எடுத்தார். முட்டியில் ஒரு குறையும் இல்லை.

"இது வலியெல்லாம் இல்ல. பி.டி. பீரியடுக்கு டிமிக்கி குடுக்குறா" என்று அவள் எதிரிலேயே அவள் அப்பா ஏழுமலையிடம் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினார்.

கோளாறு இருந்தது இடுப்பில். தொடை எலும்பின் தலை, வளர்கிற இடத்தில் மெல்ல மெல்ல நழுவிக்கொண்டிருந்தது. வலி மட்டும்தான் முட்டியில் தெரிந்தது. முட்டி வலி என்று வரும் பிள்ளைக்கு முதலில் இடுப்பைப் பார்க்க வேண்டும் என்பது மெகருன்னிசாவின் வார்டில் ஆயாவுக்குக்கூடத் தெரியும்.

நாளை ஆபரேஷன். திருகாணி போட்டு நிறுத்தியாக வேண்டும்.

"மன்னிப்பு இருக்கட்டும். வலது இடுப்பு எப்படி இருக்கு, சொல்லுங்க."

"சரியாத்தான் இருக்கு போல."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது. ஆனா படத்துல தெரியறதுக்கு முன்னாடியே வலிக்க ஆரம்பிச்சுடும். வலி இருந்தா நாளைக்கே அந்தப் பக்கமும் திருகாணி போட்டுடலாம். விட்டா அதுவும் நழுவும். போய்க் கேட்டுட்டு வாங்க."

"நானா?"

"நீங்கதான்."

வார்டில் அவரைக் கண்டதும் ஏழுமலை எழுந்து கும்பிட்டார். அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"பொய் சொல்றான்னு நெனச்சு ரெண்டு மூணு தடவ அடிச்சுப்புட்டேன் சார்" என்றார் ஏழுமலை.

 சற்குணம் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கட்டிலருகே போய் உட்கார்ந்தார்.

"செவ்வந்தி, வலது கால் வலிக்குதாம்மா?"

"இல்ல சார்."

"கொஞ்சங்கூட?"

"இல்ல சார்."

அவர் அந்தக் காலை மடக்கி, மெதுவாக வயிற்றை நோக்கித் தூக்கினார். நேராக வரவேண்டிய கால் தானாக வெளிப்பக்கம் திரும்பியது. செவ்வந்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

அவர் காலை அப்படியே இறக்கி வைத்தார்.

"எத்தன நாளா வலிக்குது?"

"தீவாளியிலேருந்து."

"அப்புறம் ஏம்மா இல்லேன்னு சொன்ன?"

அவள் போர்வையை முட்டிவரை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அது வலி இல்லேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."