கண்ணாடி அறைக்குப் போன பூங்காவனம்

ஒரு ஊர்ல ஒரு சமையக்காரி இருந்தா. ஊரு வந்தவாசி பக்கம், பேரு பூங்காவனம். படு, காலை நீட்டு, போர்வைய ஒதைக்காத. நான் சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும், தெரிஞ்சுதா?

"ம்."

பூங்காவனம் கல்யாண வீட்டுச் சமையக்காரி இல்ல, டூர் சமையக்காரி. நம்ம ஜனங்க வடக்க டூர் போனா அங்க கெடைக்கறதத் திம்பாங்களா? மாட்டாங்க! அண்டா, குண்டா, கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை, புளி, மொளகாப்பொடின்னு எல்லாத்தையும் பஸ் மேல ஏத்திக்கிட்டு, சமைக்க ஒரு ஆளையும் கூட்டிக்கிட்டுத்தான் போவாங்க. அந்த ஆளுதான் இவ. டில்லிக்குப் போயிருக்கா, ஆக்ராவுக்குப் போயிருக்கா. ஆனா அங்கல்லாம் அவ என்ன பாத்தா தெரியுமா? பஸ் நிக்கற எடத்தப் பாத்தா. எல்லாரும் அரண்மனை பாக்கப் போவாங்க, இவ பஸ் நெழல்ல உக்காந்து கொழம்பு தாளிப்பா. சொய்ங்! அவங்க திரும்பி வந்து, "என்னா அழகு, என்னா அழகு"ன்னு பேசிக்கிட்டே சாப்புடுவாங்க. இவ கரண்டியும் கையுமா நின்னு கேட்டுக்குவா. அவ மனசு எப்படி இருந்திருக்கும், நீயே சொல்லு. எனக்கே கோவம் வருது.

"ம்."

அப்புறம் ஒரு தடவ பஸ்ஸு ராஜஸ்தானுக்குப் போச்சு. ராஜபுத்திர ராஜாக்கள் கட்டின கோட்டை ஊரு. அதோட நெஜப் பேரு என் வாயில நுழையாது, நாம மஞ்சக்கல் ஊருன்னு வச்சுக்குவோம். மலையும் மஞ்சள், கோட்டையும் மஞ்சள், கீழ இருக்கற வீடுங்ககூட மஞ்சள். கோட்டை உச்சியில ஒரு கண்ணாடி அறை இருக்குதாம். செவுரு, கூரை எல்லாம் பொட்டுப் பொட்டாக் கண்ணாடி பதிச்சிருக்காம். அந்தக் காலத்து ராணி அங்க ஒரே ஒரு வெளக்கு ஏத்தினா போதும், ரூம் பூரா நட்சத்திரமா மொளைக்குமாம். பஸ் டிரைவர் சொன்னாரு. கேட்டதுலேருந்து பூங்காவனத்துக்கு இருப்புக் கொள்ளல. மறுநாள் ஊருக்குத் திரும்பணும். இத வுட்டா வேற வாய்ப்பே இல்ல.

அப்போ அவ நேரா டூர் மேனேஜர் தணிகாசலத்துக்கிட்ட போனா. கழுத்துல விசில மாட்டிக்கிட்டு, பீ...ப் பீ...ப்னு ஊதி ஜனங்கள மேய்க்கற மனுஷன் அவரு.

"சார், இன்னிக்கு நானும் மேல போய் அந்தக் கண்ணாடி ரூமப் பாத்துட்டு வரேன்."

"சமையல்?"

"எல்லாருக்கும் மத்தியானச் சோறு போட்டுட்டுத்தான் சார் போவேன்."

"சாயங்காலக் காபி?"

"அதுக்குள்ள ஓடியாந்துடறேன் சார்."

தணிகாசலம் வானத்தப் பாத்தாரு, வாட்ச்சப் பாத்தாரு. "காபி மட்டும் லேட்டாச்சு, பஸ்ஸு தாங்காது"ன்னாரு.

காலையில எல்லாரும் மேல போய்ப் பாத்துட்டு, மத்தியானம் பசியோட எறங்கி வந்தாங்க. புளிசாதத்த வாயில வச்சுக்கிட்டே, "அது ஒண்ணுமில்ல பூங்காவனம், வெறும் இருட்டு ரூம். நீ எதுக்கு மெனக்கெடற?"ன்னாங்க. இவ காதுலயே போட்டுக்கல. தன் பங்குச் சோத்தப் பித்தளைத் தூக்குல போட்டு மூடினா. புளி போட்டுத் தேச்ச தூக்கு, மொகம் பாக்கலாம், அவ்ளோ பளபளப்பு. மடியில கொஞ்சம் கற்பூரமும் தீப்பெட்டியும் முடிஞ்சுக்கிட்டா. வெளக்கு ஏத்தினாத்தான நட்சத்திரம்? தடதடன்னு ஏறினா.

மொத வாசல் வந்துச்சு. அம்மாடி, எம்மாம் பெரிய கதவு! கதவு பூரா இரும்பு முள்ளு. யானை வந்து தலையால முட்டக் கூடாதுல்ல, அதுக்கு. அந்த வாசலுக்கு மேல யாரு இருந்தாரு தெரியுமா?

"யாரு?"

நம்ம புள்ளையாரு! கல்லுல செதுக்கி, செந்தூரம் பூசி உக்கார வச்சிருக்காங்க. புள்ளையாரப் பாத்ததும் இவ என்ன பண்ணினா, கோயிலுன்னு நெனச்சு செருப்பக் கழட்டி ஓரமா வுட்டா. தோப்புக்கரணம் போட்டா. டபக்! ஒரு கருமொகக் கொரங்கு ஒத்தச் செருப்பத் தூக்கிக்கிட்டு மதில் மேல ஏறிடுச்சு. அந்த வெயில்ல கல்லு அப்படிச் சுடுது. சுரீர்! சுரீர்! இவ நெழலுக்கு நெழல் தாவித் தாவிப் போனா.

"செருப்பு கெடச்சுதா பெரியம்மா?"

கெடைக்கல. இன்னும் அந்தக் கொரங்கு ஒத்தக் கால்ல மாட்டிக்கிட்டு நடக்குதோ என்னமோ.

அப்புறம் ரெண்டாவது வாசல். பெரிய பீரங்கி ஒண்ணு வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. அதுமேல சாஞ்சுக்கிட்டு அவங்க பஸ்ல வந்த தாத்தா ஒருத்தரு, வேர்த்து வழிய உக்காந்திருக்காரு. எல்லாரோடயும் எறங்காம மெதுமெதுவா வந்து, சோத்தத் தவற வுட்டுட்டாரு.

"சுகர் எறங்கிடுச்சு போலம்மா. கண்ண இருட்டுது."

இவளுக்கும் வயிறு கொர்கொர்னுதுதான். ஆனா தூக்கத் தெறந்து மொத்தச் சோத்தையும் அவரு கையில குடுத்துட்டா. அவரு சாப்புட்டு, தெளிஞ்சு, எழுந்து நடக்கற வரைக்கும் கூடவே இருந்தா. வெயில் சாயுது. இவளுக்கோ உள்ளுக்குள்ள பதபதக்குது. அப்புறம் ஓடு ஓடுன்னு ஓடினா. மாடி மேல மாடியா ஒரு வெற்றிக் கோபுரம் இருந்துச்சு, அத அண்ணாந்துகூடப் பாக்கல.

மூணாவதா கண்ணாடி அறை வாசல். செவப்புத் தலைப்பாகை, மீசை ரெண்டும் காதத் தொடுது, அப்படி ஒரு காவக்காரரு. இவ மடியிலேருந்து கற்பூரத்த எடுத்தாளோ இல்லையோ, "நஹி! நஹி!"ன்னு தீப்பெட்டியப் புடுங்கிப் பையில போட்டுக்கிட்டாரு. பொக பட்டா கண்ணாடி கறுத்துப்போயிடுமாம், கையக் கைய ஆட்டிச் சொன்னாரு. அப்புறம் மத்தக் கதவுங்களச் சாத்தக் கெளம்பிட்டாரு.

பூங்காவனம் உள்ள எட்டிப் பாத்தா. அவங்க சொன்னது நெஜந்தான். இருட்டு ரூம். அவளுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. வாசப்படியில தொப்புன்னு உக்காந்தா. தூக்கப் பக்கத்துல வச்சா. மூடி நழுவி, டிங்! பளிச்சுனு உள்ள ஒரு வெளிச்சம்.

என்னாது இது? மூடியக் கையில எடுத்தா. வாசலுக்குப் பக்கவாட்டுல, மேக்கால சூரியன். மூடிய இப்படித் திருப்பினா, வெயில் அதுல பட்டு உள்ள ஓடுது. கூரை ஓரத்துல நாலு நட்சத்திரம் கண்ணச் சிமிட்டுச்சு!

அவ குதிச்சு எழுந்தா. ஆனா பாரு, வெளிய நின்னு மூடியப் புடிச்சா, உள்ள ஒரு மூலதான் தெரியுது. உள்ள ஓடினா, வெளிச்சம் போயிடுது. மூடியக் கல்லுல சாத்தி வச்சா. டங்குனு வுழுந்துச்சு. தூக்கு மேல நிறுத்தினா. அப்பவும் டங்! முந்தானையச் சுருட்டி முட்டுக் குடுத்தா. காத்து தள்ளி வுட்டுடுச்சு.

அப்போ கீழேருந்து பீ...ப்! தணிகாசலம் மூச்சு வாங்க ஏறி வராரு. பின்னாடி பாதி பஸ்ஸே வருது.

"பூங்காவனம்! காபி எங்க?"

அவ மூடிய மட்டும் திருப்பினா. உள்ள எட்டிப் பாத்த ஒரு அம்மா, "அடியாத்தீ!"ன்னு கத்தினாங்க. அவ்ளோதான், எல்லாரும் திமுதிமுன்னு உள்ள போயிட்டாங்க.

"இந்தப் பக்கம் காட்டு பூங்காவனம்."

காட்டினா.

"கொஞ்சம் மேல, கொஞ்சம் மேல."

மேல காட்டினா. பாத்தியா இந்த ஜனங்கள? இங்கயும் அவதான் பரிமாறணும், அவங்கதான் சாப்புடணும். சூரியன் கோட்டை மதிலுக்குக் கிட்ட எறங்கிடுச்சு.

"அய்யோ. அப்புறம்?"

தணிகாசலம் கடைசியாத்தான் உள்ள போனாரு. வெளிய வந்தப்ப அந்த மனுஷன் மொகமே வேற மாதிரி இருந்துச்சு.

"நீ பாத்தியா?"

"இல்ல சார். நான் உள்ள வந்தா வெளிச்சம் போயிடும்."

அவரு விசில எடுத்தாரு. பீ...ப்! "எல்லாரும் வெளிய வாங்க! உடனே!" எல்லாரும் வந்தாங்க. அவ கையிலேருந்து மூடிய வாங்கினாரு.

"போ."

"சார், காபி..."

"காபி கெடக்குது. சூரியன் எறங்குது பாரு. போ போ!"

பூங்காவனம் உள்ள போனா. தணிகாசலம் மூடியத் திருப்பினாரு. ம்... எப்படிச் சொல்றது உனக்கு? கூரையில நட்சத்திரம், செவுத்துல நட்சத்திரம். அவ பொடவையில, தாளிச்சுத் தாளிச்சுச் சூடு பட்ட கையில, எல்லாத்துலயும் நட்சத்திரம். அவரு மூடிய அசைக்க அசைக்க எல்லாம் மினுக் மினுக்னு ஆடுது. அவ தரையில உக்காந்து வாயப் பொத்திக்கிட்டு அழுதா. சந்தோசத்துலதான்.

சூரியன் எறங்க எறங்க தணிகாசலம் கையத் தூக்கினாரு. எட்டல. நுனிக்கால்ல நின்னாரு. எட்டல. அங்க இருந்த கல்லு மேல ஏறி நின்னாரு. காவக்காரரு சாவிக்கொத்தக் கலகலன்னு ஆட்டிக்கிட்டு வந்தவரு, எட்டிப் பாத்துட்டு, சத்தம் வராம சாவியக் கைக்குள்ள மூடிக்கிட்டாரு.

நட்சத்திரம் ஒண்ணொண்ணா அணைஞ்சுது. மதிலுக்கு அந்தாண்ட சூரியன் போயே போச்சு.

"சார், இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமா?"ன்னு இருட்டுக்குள்ளேருந்து கொரல் வந்துச்சு.

"இரும்மா. நிதானமா வா"ன்னாரு தணிகாசலம். வெளிச்சமே இல்ல. ஆனா தூக்கின கைய அவரு எறக்கவே இல்ல.

ம் கொட்டலையா?

"...ம்."

கோட்டைக் கதவச் சாத்தியாச்சு, கதையும் உள்ள படுத்துக்கிச்சு. நீயும் கண்ண மூடு, தங்கம்.